தோற்ற கட்சி கேட்ட மூன்றாம் எண்ணிக்கை

தேர்தல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் அனுப்பிய சட்ட முன்வரைவை வாசித்தேன். ஓய்வுபெற்ற மனுசியை நிம்மதியாக இருக்க விடக்கூடாது என்று எல்லோரும் கூடி முடிவெடுத்துத்தான் அனுப்பினீர்களோ தெரியாது. தேர்தல் முடிவை அறிவித்த பிறகும் ஏதாவது ஒரு கட்சி எழுத்தில் கேட்டால், கொம்யூன், அதுதான் எங்கள் நகராட்சி, வாக்குப் பெட்டிகளை மறுபடி திறக்க வேண்டுமாம். கட்சியின் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்குச் சீட்டாகப் பார்ப்பாராம். அவருக்கு ஒரு சீட்டில் சந்தேகம் வந்தால், விஷயம் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் அதற்கு விளக்கம் கொடுக்க வேண்டுமாம். "எல்லாம் வெளிப்படையாக இருப்பது நல்லதுதானே, உங்கள் அனுபவத்தில் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன நினைக்கிறேன் என்றால், எனக்குத் தலையிடிக்கிறது.

இது இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது, பாராளுமன்றத்துக்கு வராமலே போகலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வராமல் போனால் சந்தோஷம். ஆனால் இந்த யோசனை சாவதில்லை. யாராவது கொஞ்ச வாக்கில் தோற்கும்போதெல்லாம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வரும். என் உத்தியோக காலம் முழுவதிலும், வென்ற கட்சி ஒன்று வந்து "எங்களுக்கு வாக்குக் கூடிப்போய்விட்டது போலிருக்கிறது, எதற்கும் இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள்" என்று கேட்டதை நான் காணவில்லை.

மறுபடி எண்ணுவதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. நாங்கள் எப்படியும் இரண்டு தடவை எண்ணுகிறவர்கள்தான். எப்படி எண்ணுவது என்று நான் சொல்லத் தேவையில்லை, பயிற்சியில் உங்களுக்குத் தூக்கம் வரும்வரை சொல்லித் தருவார்கள். என்னைக் கோபப்படுத்துவது அந்த 'விளக்கம்' என்ற சொல். அதை எழுதியவர் ஒருநாளும் எண்ணும் மேசையில் நின்றவராக இருக்க முடியாது. நான் நின்றிருக்கிறேன். என்னிடம் அப்படி ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன், ஒடென்சேயிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். கண்டுபிடிக்க முயற்சி செய்யவேண்டாம், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அது தமிழ் வழக்கு என்று பிறகு பெயர் வாங்கிய ஆண்டுகள். இங்கே அகதியாக ஏற்றுக்கொண்ட ஆட்கள் பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்களை அமைச்சில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த விவகாரம் ஒரு அரசாங்கத்தையே விழுத்திய கதை உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்திருக்கும். நான் சொல்கிற நவம்பரில் அரசாங்கம் இன்னும் விழவில்லை. விண்ணப்பங்களை மறுபடி எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று மட்டும் செய்தி வந்திருந்தது. யாருடைய விண்ணப்பம் எப்போது வெளியே வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் கொம்யூனில் மொழிபெயர்ப்பாளர். நான் கணவனோடு சேர்ந்தே வந்தவள், எனக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் காத்திருக்கிற ஆண்கள் நாள்தோறும் என் கதவைத் தட்டினார்கள்.

அவர்களில் ஒருவர் தவராசா அண்ணை. ஊருக்கு வெளியே பூச்செடி வளர்க்கிற கண்ணாடிக்கூடங்களில் வேலை. அங்கேயே ஒரு பழைய வீட்டில் அவரும் இன்னும் சில தமிழ் ஆட்களும் சேர்ந்து இருந்தார்கள். அந்தப் பகுதியில் தமிழர் என்றால் அவர்கள் மட்டும்தான். அவருடைய மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து இருந்தார்கள். சின்னவள் பிறந்து அவர் இன்னும் பார்க்கவில்லை. வேலை போய்விட்டால் குடும்பத்தைக் கூப்பிடுகிற அலுவலும் கெட்டுவிடும் என்று அவருக்கு ஒரு பயம். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன். தலையை ஆட்டுவார். அடுத்த கிழமை வந்து அதையே கேட்பார்.

அந்த நவம்பரில் நகராட்சித் தேர்தல். குடியுரிமை இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டு இங்கே இருந்தவர்கள் வாக்களிக்கலாம். எங்கள் ஆட்களில் பலருக்கு அதுதான் இந்த நாட்டில் முதல் வாக்கு. கொம்யூன் சொல்லிக்கொடுக்கச் சொன்னது என்று மாதிரிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிய நேராக அந்த வீட்டுக்குப் போனேன். எல்லோரும் சுற்றியிருந்தார்கள்.

"ஒரு புள்ளடி. ஒரேயொரு புள்ளடி. வேற ஒண்டும் எழுதப்படாது," என்று மாதிரிச் சீட்டில் குறுக்காக இரண்டு கோடு கீறிக் காட்டினேன்.

"பேர் எழுதவேண்டாமோ, பிள்ளை?" என்று கேட்டார் தவராசா அண்ணை. "பேர் இல்லாட்டி நான்தான் போட்டது எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியக்கூடாது அண்ணை. அதுக்குத்தானே சொல்லுறன். பேரும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்."

"ஒருத்தருக்கும் தெரியாதோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "முதலாளியும் எலெக்சன்ல நிக்கிறார், தெரியுமோ உமக்கு? தன்ர வானிலதான் எங்களை ஏத்திக்கொண்டு போறாராம்."

"வானில ஏத்தட்டும். வோட்டுப் போடுற மறைப்புக்குள்ள அவர் வரேலாது. நீங்கள் ஆருக்குப் போட்டது எண்டு அவருக்கு ஒருநாளும் தெரியவராது."

"உறுதியாச் சொல்லுறீரோ?"

"உறுதியாச் சொல்லுறன்."

அந்த முதலாளியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அவரை வில்லனாக்கிவிடுவீர்கள். ஒருவரும் வேலை கொடுக்காத நேரத்தில் எங்கள் ஆட்களுக்கு வேலை கொடுத்த மனிதர். குளிருக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். தன்னோடு ஒரே மேசையில் வைத்துக் கோப்பி குடிப்பார். தன்னுடைய ஆட்கள் தனக்குத்தான் போடுவார்கள் என்று நம்பியிருந்தார். நம்பாமல் எப்படி? ஆனால் அவருடைய கட்சிக்கு எதிராக நின்றவர், இவர்களுக்கு மாலை வகுப்பில் டேனிஷ் படிப்பித்த ஆசிரியை. இவர்கள் ஒவ்வொருவருடைய குடும்பத்துக்காகவும் அமைச்சுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். யாருக்குப் போடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

தேர்தல் நடந்தது. கொம்யூன் ஆள் என்று வாக்கு எண்ண என்னையும் போட்டிருந்தார்கள். அன்று ஒரு தடவை எண்ணினோம், மறுநாள் இரண்டாம் தடவையும் எண்ணினோம். நகரசபையின் கடைசி இடம் ஆசிரியைக்கும் முதலாளிக்கும் நடுவில் ஊசலாடி, கைவிரலில் எண்ணக்கூடிய வாக்கு வித்தியாசத்தில் ஆசிரியைக்குப் போனது. முடிவை அறிவித்தாயிற்று. எல்லோரும் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளலாம் என்று பார்த்தால், முதலாளியின் கட்சி மூன்றாம் தடவையும் பார்க்கவேண்டும் என்று கடிதம் கொடுத்தது. எண்ணினால் மட்டும் போதாதாம். தங்கள் ஆள் பக்கத்தில் இருந்து சீட்டுகளைத் தன் கண்ணால் பார்க்கவேண்டுமாம். உங்கள் முன்வரைவில் இருக்கிறதே, அச்சொட்டாக அதுதான்.

வாக்கு எண்ணும் எங்கள் பிரிவின் தலைவி ஒரு டேனிஷ் பெண்மணி. பெயரைச் சொன்னால் கல்லறையிலிருந்து எழும்பி வந்து என்னைத் திட்டுவார். வாயில் எந்நேரமும் ஒரு சின்னச் சுருட்டு. வாக்குச் சீட்டு இருக்கிற அறையில் நெருப்பு ஆகாது என்று அதைப் பற்றவைக்காமலே கடித்துக்கொண்டிருப்பார். அவர் இந்த மூன்றாம் பார்வையை வேண்டாம் என்றார். "சீட்டை எண்ணலாம். சீட்டோடு பேசக்கூடாது. இவர்கள் பேச வருகிறார்கள்," என்றார். மேயர் கேட்கவில்லை. எல்லோருடைய மனமும் ஆறட்டும் என்று விட்டுவிட்டார். எல்லோருடைய மனத்தையும் ஆற்றப் புறப்பட்ட மேயர்களால் நான் பட்ட பாடு இன்னொரு கடிதத்துக்குக் காணும்.

கட்சியின் ஆள் ஒரு இளம் வழக்கறிஞர். பளபளப்பான கோட்டு. பெரிய மேசை, சாப்பாட்டு மேசை விரிப்புப் போல நீளமான சீட்டுகள். மேயர் தலைமாட்டில், முதலாளி கடைசிக் கதிரையில், வேலைக்குப் போடுகிற அதே சட்டையோடு. நானும் இன்னும் இரண்டு பேரும் எண்ணுகிறவர்கள். கண்ணாடிக்கூடங்கள் இருந்த பகுதியின் கட்டுகள் வந்தபோது வழக்கறிஞர் ஒரு சீட்டைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகும் சில. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டு, "பாருங்கள்," என்றார்.

பார்த்தேன்.

ஒவ்வொரு சீட்டின் உச்சியிலும், நடுவில், பென்சிலால் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி.

பேர் எழுதவேண்டாம் என்று சொன்னேன், எழுதவில்லை. கையெழுத்து வைக்கவேண்டாம் என்றேன், வைக்கவில்லை. வேறு ஒன்றும் எழுதவேண்டாம் என்றதற்கு இந்த மனிதர்கள் பிள்ளையாரைச் சேர்க்கவில்லை! சுழியை ஒரு எழுத்தாகவே அவர்கள் நினைப்பதில்லை, அது எழுதுவதற்கு முன் நடக்கிற காரியம். கடைச் சாமான் துண்டு என்றாலும் கை முதலில் அங்கேதான் போகும். இவர்களுடைய குடும்ப விண்ணப்பங்களின் தமிழ்ப் பிரதி ஒவ்வொன்றிலும் அந்தச் சுழியைப் பார்த்துத்தான் நான் மொழிபெயர்க்கத் தொடங்குவேன். முதல் வாக்கு, நல்ல காரியம், பிள்ளையாரை விட்டுவிட்டு எப்படிப் புள்ளடி போடுவது? ஒருவர் சொல்லி மற்றவர்கள் போட்டார்களோ, கை தன்பாட்டில் போனதோ, நான் ஒருநாளும் விசாரிக்கவில்லை. அந்த மேசையில் எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் குட்டியிருப்பேன்.

"ஒரே குறி, ஒரே இடம், எல்லாம் ஒரே வேட்பாளருக்கு," என்றார் வழக்கறிஞர். "யாரோ வாக்கை வாங்கியிருக்கிறார்கள். போட்டதற்கு அத்தாட்சியாக அடையாளம் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்."

எங்கள் விதி உங்களுக்குத் தெரியும். சீட்டில் தனி அடையாளம் இருந்தால் அந்த வாக்குச் செல்லாது. அவர் சொன்ன காரணத்துக்காகவே வைத்த விதி. அற்பமான கீறல், பென்சிலைச் சோதித்த கோடு என்றால் விட்டுவிடலாம். முதல் இரண்டு தடவையும் எண்ணியவர்கள் பென்சில் சோதனை என்றுதான் விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக வேறு வேறு கட்டுகளில் பார்த்தபோது அது அப்படித்தான் தெரிந்தது. என் கையில் அந்தக் கட்டுகள் வரவில்லை.

வழக்கறிஞர் என் பக்கம் திரும்பினார். இந்த நாட்டில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். "நீ தமிழ் ஆள்தானே. இது உங்கள் எழுத்தா?"

அவருக்கு நான் எதையாவது வெடுக்கென்று சொல்லியிருப்பேன். பொல்லாத கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். அதற்குள் மேயர் கையை உயர்த்தினார். அவர் நல்ல மனிதர், நல்ல மனிதராகவே பேசினார்.

"பொறு. வாக்கை வாங்கினார்கள் என்று நாம் அவசரப்படவேண்டாம். இது ஒரு வழக்கமாக இருக்கலாம், சமய சம்பந்தமாகவும் இருக்கலாம். குற்றமில்லாத ஒன்று என்று தெரிந்த ஒருவர் விளக்கினால், இந்த வாக்குகளை ஏற்றுக்கொள்ள எனக்குத் தடையில்லை. அப்படி யாராவது விளக்க முடியுமா?"

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? வாயைத் திறந்து, "இது எங்கள் ஆட்கள் எழுதத் தொடங்கும்போது போடுகிற கடவுள் குறி, வேறொன்றும் இல்லை" என்று சொன்னால் போதும். உண்மை. வாக்குகள் தப்பும். ஆசிரியையின் இடம் தப்பும். வாக்கை விற்றவர்கள் என்ற பழியும் போகும். ஆனால் அந்தப் பகுதியில் எங்கள் ஆட்கள் என்றால் யார்? அந்த வீட்டில் இருந்தவர்கள் மட்டும். கடைசிக் கதிரையில் இருக்கிற மனிதருக்கு, தன் வானில் ஏற்றிவந்த ஒவ்வொருவரும் தனக்கு எதிராகப் போட்டார்கள் என்பது அந்த ஒரு வசனத்தில் தெரிந்துவிடும். ஒருநாளும் தெரியவராது என்று நான் உறுதி சொல்லி இரண்டு கிழமை ஆகவில்லை. பேசினால் வாக்குத் தப்பும், ஆட்கள் அகப்படுவார்கள். பேசாவிட்டால் ஆட்கள் தப்புவார்கள், வாக்குப் போகும். தெரியாது என்று பொய் சொல்லலாம்தான். எண்ணும் மேசையில் ஒரு பொய் சொல்கிறவர் அதன் பிறகு அந்த மேசையில் நிற்கக்கூடாது.

தலைவியைப் பார்த்தேன். அவர் சுருட்டைக் கடித்துக்கொண்டு சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்ற வரவில்லை. அப்போது அவர்மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"என்னை இங்கே எண்ண விட்டிருக்கிறீர்கள்," என்றேன். "எண்ணும் மேசையில் எனக்குப் புள்ளடி மட்டும்தான் வாசிக்கத் தெரியும். யார் வந்து கேட்டாலும், எந்தச் சீட்டைப் பற்றிக் கேட்டாலும், இதுதான் என் பதில்."

"அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது," என்றார் வழக்கறிஞர்.

அப்போதுதான் தலைவி வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். மேசையில் கிடந்த இன்னொரு கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி வழக்கறிஞரின் முன்னால் வைத்தார். அவருடைய கட்சிக்கே விழுந்த வாக்கு, புள்ளடிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு சின்ன இருதயம் வரைந்திருந்தார்கள். "இதை வரைந்தது யார் என்று நீ விளக்கு. உன் பெண்சாதியா?" என்று கேட்டார். எண்ணுகிறவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். "ஒருவரும் விளக்கப்போவதில்லை. இந்த அறையில் சீட்டு செல்லுமா செல்லாதா என்ற கேள்வி மட்டும்தான் உண்டு. கோடும் புள்ளியும் செல்லும். வரைந்த வடிவம் எதுவானாலும் செல்லாது. எல்லாக் கட்டுக்கும் இதுதான் அளவு. பதிவேட்டில் 'தனி அடையாளம்' என்று மட்டும் எழுதுங்கள். வேறு சொல் எதுவும் அங்கே வரக்கூடாது."

மேயர் நேரத்தைப் பார்த்தார், தலையாட்டினார். அவ்வளவுதான். சுழி போட்ட சீட்டுகளும் போயின, இருதயமும் போனது, எங்கேயோ யாரோ கீறிய ஒரு பன்றிக்குட்டியும் போனது. கூட்டிப் பார்த்தபோது கடைசி இடம் முதலாளிக்குப் போயிருந்தது.

நடுவில் ஒன்று நடந்தது. மேயர் தலையாட்டிய நேரத்தில் முதலாளி எழுந்து வந்து அந்தச் சீட்டுகளைக் குனிந்து பார்த்தார். கண்ணாடிக்கூடத்தில் அன்றன்றைய வேலையைத் தவராசா அண்ணை எழுதுகிற கரும்பலகை ஒன்று உண்டு. அதன் உச்சியில் என்ன இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு விளங்கியதோ இல்லையோ எனக்குத் தெரியாது. நெடுநேரம் பார்த்தார். வென்றுவிட்டார் என்று சொன்னபோது வழக்கறிஞர் கையைக் கொடுக்க, அதைக் கவனிக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் தாழ்வாரத்தில் தலைவியைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. "அவை நல்ல வாக்குகள். உங்களுக்கும் தெரியும்," என்றேன்.

"எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லையே," என்றார். சுருட்டைப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தார். "சொல்லாமல் விட்டதற்காகத்தான் உன்னை இனி எல்லாத் தேர்தலுக்கும் கூப்பிடப்போகிறேன். அந்தச் சீட்டுகளை ஏற்றுக்கொள்ளச் சொல்லி நான் வாதாடியிருந்தால், அது என்ன குறி என்று ஒருவர் சொல்லியே ஆகவேண்டும். சொன்ன பிறகு அது யாருடையது என்று கேட்க ஆளே தேவையில்லை. வாக்கு நாலு வருடத்தில் மறுபடி வரும். யாருக்குப் போட்டார்கள் என்பது வெளியே போனால், அதைத் திருப்பி உள்ளே வைக்க எனக்கு வழி தெரியாது."

அவர் சொன்னது சரி. அன்றைக்கு எனக்கு ஆறவில்லை, இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் அந்த மேசையில் மறுபடி நிறுத்தினால் அதையேதான் செய்வேன்.

ஆகவே அந்த முன்வரைவுக்கு நீங்கள் பதில் எழுதுவதென்றால், தயவுசெய்து வெளிப்படைத்தன்மை, நம்பிக்கை என்று பக்கம் பக்கமாக எழுதி என் உயிரை எடுக்கவேண்டாம். கட்சிகள் எத்தனை தரம் வேண்டுமானாலும் எண்ணச் சொல்லட்டும், எண்ணுகிற சம்பளத்துக்கு எண்ணிக் கொடுப்போம். கூட்டலைப் பார்க்கட்டும், பெட்டியின் முத்திரையைப் பார்க்கட்டும், எங்களையே சோதிக்கட்டும். சீட்டுக்கு விளக்கம் மட்டும் கேட்கவேண்டாம். கோபன்ஹேகனில் இருந்து எழுதுகிறவர்களுக்குச் சீட்டு என்றால் ஒரு இலக்கம். பஸ் நாளுக்கு ஒரு தரம் வந்துபோகிற இடத்தில், பென்சில் பிடித்த அழுத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். உங்களில் பாதிப்பேருக்குத் தமிழோ வேறொரு மொழியோ தெரியும் என்பதற்காகத்தான் கொம்யூன் உங்களை விரும்பி எடுத்திருக்கிறது. அந்த மேசையில் யாராவது ஒருநாள் உங்களிடமும், மிக அன்பாக, உதவி செய்கிற பாவனையில், கேட்கத்தான் போகிறார்கள். அன்பாகக் கேட்கும்போதுதான் கவனம் வேண்டும்.

கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சும்மா இருந்ததற்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

மாசி மாதம், வெளியே பனி. தவராசா அண்ணை வேலை உடுப்போடு, சப்பாத்தில் மண்ணோடு என் அறைக்குள் வந்தார். கையில் ஒரு கடிதம். உறையைக் கிழித்திருந்தார், ஆனால் பிரித்துப் பார்க்கவில்லை.

"வாசியும், பிள்ளை," என்றார். "கூடாத செய்தி எண்டால் மெதுவாச் சொல்லும்."

வாசித்தேன். மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அனுமதி கிடைத்திருந்தது. சொன்னேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். மூன்று பேரின் பெயரையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, நானும் அழுதேன். அந்த அறையில் எத்தனையோ கூடாத கடிதங்களை வாசித்தவள் நான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கதைக்கத் தொடங்கினார். முதலாளி வென்ற நேரம் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாராம். ஆனால் முந்தி மாதிரிக் கோப்பிக்கு வந்து இருப்பதில்லையாம். "சபை வேலை கூடிப்போச்சுப் போல," என்றார். "மற்றும்படி ஒரு கரைச்சலும் இல்லை. நீர் சொன்னது சரி, பிள்ளை. அவருக்கு ஒண்டும் தெரியாது."

நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

"ரீச்சருக்குத்தான் முதல் சொல்லவேணும்," என்றார். "பாவம் மனிசி. எங்களுக்காக எழுதி எழுதியே களைச்சுப்போனா. கடைசியில தோத்தும் போனா. நாங்கள் எல்லாரும் அவவுக்குத்தான் போட்டனாங்கள், உமக்குச் சொன்னால் என்ன. போட்டும் என்ன பிரயோசனம்? இந்தப் பெரிய சனத்துக்குள்ள எங்கட நாலஞ்சு வோட்டு என்ன செய்யும் சொல்லும். அடுத்தமுறை போறேல்லை எண்டு வீட்டில இருக்கிற பெடியள் சொல்லிப்போட்டாங்கள். சரியாத்தான் சொல்லுறாங்கள். எங்கட வோட்டு விழுந்தாலும் ஒண்டுதான், விழாட்டிலும் ஒண்டுதான். அப்பிடித்தானே, பிள்ளை?"

அந்த நாலைந்து வாக்கு செல்லாததால்தான் அந்த இடம் போனது என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொன்னால் ஏன் செல்லவில்லை என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் முதலாளி ஏன் கோப்பிக்கு வருவதில்லை என்று அவருக்கு விளங்கிவிடும். நாளைக்கு விடிய அந்தக் கண்ணாடிக்கூடத்துக்குள் அவர் எந்த முகத்தோடு போவார்?

அவர் சிரித்த முகத்தோடு, கடிதத்தை நெஞ்சுப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அண்ணை," என்றேன்.